நீள சொல்லுக்கு பயந்து ஹட்டன்ல ஒரு கிளாஸுக்கு போயிட்டு வந்தேன்

மொதல்லயே சொல்லிடுறேன், இது ஸ்போக்கன் இங்கிலிஷ் கிளாஸ் இல்ல. அப்பிடி நெனச்சிக்கிட்டு வந்த மூணு பேர் ரெண்டாவது கிழமையோட நின்னுட்டாங்க. ஹட்டன் டவுன்ல ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல் மாடி, சனிக்கிழமை பின்னேரம் ரெண்டு மணியிலயிருந்து நாலரை வரைக்கும், எட்டு கிழமை, 6500 ரூபா, புத்தகத்துக்கு தனியா 700. உச்சரிப்பு மட்டும்தான் படிப்பிக்கிறாங்க, அதுலயும் முக்காவாசி நேரம் ஒரே வேலைதான், நீளமான இங்கிலிஷ் சொல்ல துண்டு துண்டா ஒடைக்கிறது, அதுல எந்த துண்டுல அழுத்தம் விழுதுன்னு கண்டுபிடிக்கிறது. கிளாஸ் பேரு போட மாட்டேன், கொஞ்சம் கொறையும் சொல்ல வேண்டியிருக்கு, படிப்பிக்கிற மிஸ் வேற நல்லவங்க.

நான் நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல ரிசர்வேஷன் வேல பாக்குறேன். ஓஎல் பரீட்சையில இங்கிலிஷுக்கு பீ, எழுதுறதுல பயம் இல்ல, ஈமெயில் எல்லாம் நான்தான் அனுப்புறது. வாயத் தொறந்தாதான் வெனை. ஒருநா டைனிங்ல ஆள் பத்தலன்னு என்னய போட்டாங்க, ஒரு வயசான வெள்ளக்கார ஜோடிக்கிட்ட போயி டெசர்ட் ரெடின்னு சொன்னேன், 'டெ'ய நல்லா அழுத்தி. அந்த ஐயா ஜன்னல் பக்கம் திரும்பி மழையையும் பனிமூட்டத்தையும் ஒரு பார்வ பாத்துட்டு, எங்க வெளியவான்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் வெளங்கல, சும்மா சிரிச்சிட்டு வந்துட்டேன். ராத்திரி ரூமுக்கு போயி போன்ல தேடி பாத்தா, மொத துண்டுல அழுத்தினா அது பாலைவனமாம், ரெண்டாவது துண்டுல அழுத்தினாதான் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்குற இனிப்பாம். வட்டிலப்பம் இருக்குன்னு சொல்றதா நெனச்சிக்கிட்டு அந்த மனுசன்கிட்ட பாலைவனம் ரெடின்னு சொல்லியிருக்கேன்.

அதாச்சும் சிரிப்போட போச்சி. போன்ல அப்பிடி இல்ல, மொகமும் தெரியாது கையும் காட்ட ஏலாது. பயணத் திட்டத்துக்கு ஐட்டினரரின்னு ஒரு சொல்லு இருக்கே, அத நான் 'ஐட்'ல அழுத்தி ஒரே மூச்சுல சொல்லுவேன், அந்தப் பக்கம் பார்டன், திரும்ப சொன்னா திரும்பவும் பார்டன், கடைசியில ட்ராவல் ப்ளான்னு சொல்லி தப்பிச்சேன். ஐ-டின்-அ-ர-ரி, அழுத்தம் 'டின்'ல. இது தெரிஞ்சதுக்கு அப்புறம் ஒரு பார்டன் கூட கேக்கல. இதுக்காகத்தான் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு சனிக்கிழமை சனிக்கிழமை தலவாக்கலையிலயிருந்து பஸ் புடிச்சி போனேன்.

மொத நாள் மிஸ் போர்டுல ஒண்ணுமே எழுதல. புறங்கைய தாடைக்கு கீழ வைங்கன்னாங்க. பதினாலு பேர் கைய வச்சிக்கிட்டு ரெஸ்பொன்சிபிலிட்டின்னு மெதுவா சொல்லணும், தாடை எத்தன தரம் கைய இடிக்குதோ அத்தன துண்டு. ரெஸ்-பொன்-சி-பி-லி-டி, ஆறு. என் பக்கத்துல ஒரு தம்பி, பத்தனை கல்வியியல் கல்லூரிக்கு அப்ளிகேஷன் போட்டுட்டு இருக்கிறவன், எட்டு எண்ணிட்டான். மிஸ் அவன திரும்ப சொல்ல வச்சி பாத்தாங்க, 'ரெசு'ங்கிறான் 'பொனு'ங்கிறான், மெய்யெழுத்துக்கெல்லாம் வாலா ஒரு உ சேத்து வுடுறான். எல்லாரும் சிரிச்சோம், அப்புறம் பாத்தா நாங்களும் பாதி பேர் அதத்தான் செய்யிறோம், கொஞ்சம் சத்தம் கம்மியா.

ஒரு துண்டுக்கு ஒரு உயிர் சத்தம், அவ்வளவுதான் கணக்கு. எத்தன உயிரெழுத்து எழுதியிருக்குன்னு பாக்க கூடாது, எத்தன காதுல விழுதுன்னு பாக்கணும். வெனஸ்டேன்னு நாங்க இழுக்கிற புதன்கிழமை வென்ஸ்-டே, ரெண்டே துண்டு. சொக்லட்டுல நாலு உயிரெழுத்து எழுதுறாங்க, வாயில வர்றது ரெண்டு. வெஜிடபிள் வெஜ்-ட-பில், மூணு, மார்க்கட்ல லாரி ஏத்துறவன்லயிருந்து நான் வரைக்கும் நாலா சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்.

இந்த எடத்துல ஒரு கொற. கிளாஸ்ல ஒரு முன்பள்ளி டீச்சர் அக்கா இருந்தாங்க, அவங்க நல்ல கேள்வி ஒண்ணு கேட்டாங்க, மிஸ் இது நம்ம தமிழ்ல செய்யுள நேரசை நிரையசைன்னு பிரிக்கிறோமே அதேதானான்னு. மிஸ் யோசிக்காம ஆமா அதேதான்னுட்டாங்க. அது அதே இல்ல. 'மலை'ன்னு சொல்லி பாருங்க, தாடை ரெண்டு தரம் இடிக்கும், யாப்புல அது ஒரே ஒரு நிரை. மலையகம் வாயில நாலு துண்டு, அசை ரெண்டுதான், நிரை நிரை, கருவிளம்ங்கிற வாய்பாடு. எங்க ஊரு தலவாக்கலைக்கு அஞ்சு துண்டு வரும், யாப்புல மூணு அசை, புளிமாங்கனி. (எங்க ஊரு புளிமாங்கனின்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும், பஸ்ல வர்றப்ப விரல் விட்டு எண்ணி கண்டுபிடிச்சேன்.) அடுத்த கிழமை சொன்னதும் மிஸ் ஒத்துக்கிட்டாங்க, மூஞ்ச தூக்கல. ஆனா அசை பிரிச்சி பழகின ஆளுங்களுக்கு இந்த கிளாஸ் சுகம், ஒற்று எந்த எழுத்தோட போயி ஒட்டும்ங்கிற பழக்கம் கையிலயே இருக்கு, அந்த அக்காதான் எங்க எல்லாரையும் விட வேகமா பிரிச்சாங்க.

பிரிக்கிறது ரெண்டு கிழமையில முடிஞ்சிடும். அழுத்தம்தான் உண்மையான வேல, நான் கட்டின காசு தேறினதும் அதுலதான். நம்ம தமிழ்ல குறிலா நெடிலாங்கிறதுதான் பொருள மாத்தும், படம் வேற பாடம் வேற. எந்த எழுத்த பலமா சொன்னோம்ங்கிறதால தமிழ் சொல்லு ஒண்ணும் மாறிடாது. அதனால நாங்க இங்கிலிஷயும் எல்லா துண்டுக்கும் ஒரே அளவு சம்பளம் போட்டு கதைக்கிறோம், இல்லாட்டி எல்லாத்துக்கும் மொத துண்டுலயே அழுத்திடுறோம். கேக்குறவன் அந்த ஒரு கனமான துண்டத்தான் தேடிக்கிட்டு இருக்கான், அது தப்பான எடத்துல இருந்தா சொல்லே அவனுக்கு கெடைக்காது, எழுத்தெல்லாம் சரியா இருந்தாலும் சரி. நாம பொழுதன்னைக்கும் சொல்ற ஹோட்டல், எஸ்டேட் ரெண்டுமே இங்கிலிஷ்ல ரெண்டாவது துண்டுல அழுத்துற சொல்லு. நான் வேல செய்யிற எடத்தையும் பொறந்த எடத்தையுமே இத்தன வருசமா தப்பா அழுத்தியிருக்கேன்.

இதுல எனக்கு ஒண்ணு தோணிச்சி, மிஸ் சொன்னது இல்ல, என் யோசனதான். எங்க தாத்தாவுக்கு ஒரு எழுத்து இங்கிலிஷ் தெரியாது, ஆனா தோட்டத்துல வேலைய மேற்பார்வ பாக்குறவர அவரு கண்டாக்கு ஐயான்னு சொல்றத பாருங்க. கொண்டக்டர்ங்கிற சொல்லுதான் அது, இங்கிலிஷ்ல அழுத்தம் நடு துண்டுல விழும், தாத்தா வாயில அந்த துண்டுதான் 'டாக்'னு நெடிலா நீண்டு நிக்கிது. போலீஸும் அப்பிடித்தான், அழுத்தம் விழுற எடத்துல 'லீ'. தோட்டத்துல காலையில ஆள் கூட்டி வேல பிரிச்சி குடுக்குற பெரட்டுங்கிறது பரேட்லயிருந்து வந்திச்சின்னு சொல்லுவாங்க, அதுலயும் ரெண்டாவது துண்டுதான் கனம், நம்மாளுங்க அங்கதான் 'ரட்'டுன்னு தட்டுறாங்க. தொரை கத்துறத காதால கேட்டு புடிச்ச சொல்லுங்க இதெல்லாம், புத்தகத்துல பாத்து படிச்சது இல்ல. புத்தகத்துல பாத்து படிச்ச நான்தான் கோட்ட வுட்டேன்.

சரி அழுத்தம் எங்க விழும்னு எப்பிடி கண்டுபிடிக்கிறது. மிஸ்ஸோட வழி எனக்கு நல்லா புடிச்சிச்சி. சொல்ல ரயிலா நெனச்சிக்கோங்க, உடரட்ட மெனிக்கே ஹட்டன் ஸ்டேஷன்ல நிக்கிது, எஞ்சின் பக்கம் போகாதீங்க, கடைசி பெட்டியிலயிருந்து எண்ணிக்கிட்டு வாங்கன்னாங்க. 'ஷன்'ல முடிஞ்சா கடைசி பெட்டிக்கு முன்னால உள்ள பெட்டிதான். ரெ-ஸ-வே-ஷன்ல 'வே', கேன்-ச-லே-ஷன்ல 'லே', கொன்-ஃப-மே-ஷன்ல 'மே', அ-கொ-ம-டே-ஷன்ல 'டே'. எங்க ஒஃபிஸ்ல ஒரு நாளைக்கு நான் கதைக்கிற நீள சொல்லுல பாதி இந்த ஒரு விதியிலயே அடங்கிடிச்சி. 'இட்டி'ல முடிஞ்சா கடைசியிலயிருந்து மூணாவது, அ-வே-ல-பி-லி-டியில 'பி'. பயோலொஜி, எகொனொமி மாதிரி சொல்லுக்கும் அதே மூணாவது பெட்டிதான். எஞ்சினியர், வொலண்டியர், ஜப்பனீஸ், ட்ரெய்னீ இதெல்லாம் நேரா கடைசி பெட்டியிலயே போயி ஏறுற கூட்டம்.

விதின்னா மீறலும் இருக்கும், அங்கதான் கிளாஸ் கொஞ்சம் தடுமாறுது. 'இக்'ல முடிஞ்சா அதுக்கு முன் துண்டுல அழுத்தம்னு சொல்லிக்குடுத்துட்டு, எகனொமிக், ப்ளாஸ்டிக்னு ஒரு போர்டு நெறைய உதாரணம் எழுதினாங்க. அதே நாள் வேற ஒரு விசயத்துக்கு பொலிடிக்ஸ், பொலிடிகல், பொலிடிஷன்னு மூணு சொல்லு எழுதினாங்க, ஒரே குடும்பம், ஆனா அழுத்தம் மொத சொல்லுல மொத துண்டு, ரெண்டாவதுல ரெண்டாவது துண்டு, மூணாவதுல மூணாவது துண்டு, படி எறங்குற மாதிரி. ரொம்ப அழகான உதாரணம், எனக்கு இன்னும் மறக்கல. ஆனா விதிப்படி பாத்தா பொலிடிக்ஸ்ல 'லி'லதானே அழுத்தணும், ஏன் 'பொ'ல விழுதுன்னு நான் கேட்டதுக்கு அது அப்பிடித்தான் மகள்ன்னாங்க. அது அப்பிடித்தான்ங்கிறது உண்மைதான், அரபிக்கும் கத்தோலிக்கும் கூட அப்பிடித்தான் மொத துண்டுல அழுத்துது. அந்த விதிவிலக்கெல்லாம் ஒரு தாள்ல போட்டு குடுத்திருக்கலாம்.

தாள்னு சொன்னதும் அந்த 700 ரூபா புத்தகம். போட்டோகொப்பி, நடுவுல ரெண்டு பக்கம் தலகீழா பின் அடிச்சது. அது பரவாயில்ல. கமிட்டிய கொண்டு போயி ட்ரெய்னீயோட லிஸ்ட்ல சேத்து கடைசி துண்டுல அழுத்தம் போட்டிருக்கு, அது ரெண்டாவது துண்டுல விழுற சொல்லு, கொ-மி-டி. குடிக்கிற கோப்பியும் அந்த லிஸ்ட்ல இருக்கு பாவம். கம்ஃபர்டபிள நாலா பிரிச்சி போட்டிருக்கு, வாயில வர்றது கம்ஃப்-ட-பில், மூணு. இந்த நாலு எங்கயிருந்து வந்திச்சின்னு பெறகு வெளங்கிச்சி, டிக்ஷனரியில சொல்லுக்கு நடுவுல புள்ளி புள்ளியா போட்டிருப்பாங்க இல்லையா, அது வரி முடியிற எடத்துல சொல்ல எங்க ஒடச்சி அடுத்த வரிக்கு கொண்டு போகலாம்ங்கிறதுக்கு அச்சுக்காரங்களுக்கு போட்டது. வாய் பிரிக்கிறதும் அச்சு பிரிக்கிறதும் எல்லா சொல்லுலயும் ஒண்ணா இருக்காது. புத்தகம் தயாரிச்சவங்க அத அப்பிடியே எறக்கி வச்சிட்டாங்க. மிஸ் பிழையெல்லாம் பேனாவால திருத்த சொன்னாங்க, நல்லது, ஆனா கிளாஸ் நடத்துற நிர்வாகம் அடுத்த பேட்சுக்கும் அதே புத்தகத்தத்தான் அடுக்கி வச்சிருந்திச்சி, நான் கடைசி நாள் கண்ணால பாத்தேன்.

நாலாவது கிழமை ரப்பர் பேண்ட். ஆளுக்கொண்ணு குடுத்து ரெண்டு பெருவிரல்லயும் மாட்டிக்க சொன்னாங்க, அழுத்தம் வர்ற துண்டுல மட்டும் இழுக்கணும், மத்ததுல வுட்டுடணும். சின்ன புள்ள விளையாட்டுன்னு நெனச்சேன். ஆனா கை இழுக்குறப்ப வாயும் தானா இழுக்குது, அந்த துண்டு நீளுது, சத்தம் கொஞ்சம் மேல போகுது, அழுத்தம்னா பலமா கத்துறது மட்டும் இல்லன்னு அப்பத்தான் ஒறைச்சிச்சி. நான் வெஜிடேரியன்னு அஞ்சு துண்டையும் இழுத்து இழுத்து பாத்து கடைசியில 'டே'ல மட்டும் இழுக்க பழகிட்டேன், ஆனா வெஜிடபிள்ல மொத துண்டுல இழுக்கணும், ஒரே மரக்கறிதான் ரெண்டும். அந்த பத்தனை தம்பியோட பேண்ட் அறுந்து முன் பெஞ்சுல இருந்த ஒரு அண்ணன் கழுத்துல பட்டு அவரு எழும்பி நின்னுட்டாரு.

இழுக்காத துண்டுக்கு என்ன ஆகுதுங்கிறதுதான் அடுத்த பாடம், மிஸ்ஸோட ஆகச் சிறந்த பாடமும் அதுதான். அழுத்தம் இல்லாத துண்டுல உள்ள உயிர் சத்தம் பெரும்பாலும் மங்கி போயி, அ-வும் இல்லாம எ-வும் இல்லாம ஒரு மாதிரி சோம்பேறி சத்தமா ஆயிடும். ஷ்வாங்கிறாங்க அதுக்கு பேரு. இங்கிலிஷ்ல ஆகக் கூடுதலா வர்ற உயிர் சத்தமே அதுதான், ஆனா அதுக்குன்னு தனியா ஒரு எழுத்து கெடயாது. நாங்க முழிச்சோம். உடனே மிஸ் பாக்கு, பந்துன்னு சொல்ல சொன்னாங்க, கடைசி உ முழுசா வருதான்னாங்க. வரல. அதான் நமக்கு ஸ்கூல்ல படிப்பிச்ச குற்றியலுகரம், ஒரு மாத்திரையில பாதி. நமக்கு உ மாதிரி சில உயிர்தான் குறுகும், அவங்களுக்கு அழுத்தம் இல்லாத எடத்துல எந்த உயிரும் குறுகிடும்னு சொன்னதும் கிளாஸே ஆஆன்னிச்சி. அசை விசயத்துல கோட்ட வுட்ட அதே மிஸ்தான்.

சொல்ல வேண்டிய இன்னொண்ணு, ஒரே சொல்லு பெயரா வந்தா மொத துண்டுலயும் வினையா வந்தா ரெண்டாவதுலயும் அழுத்துற கதை. கிளாஸ்ல ஒரு அண்ணன் தேயில ஃபெக்டரி ஒஃபிஸ்ல வேல, அவருக்கு எக்ஸ்போர்ட் தெனமும் வர்ற சொல்லு, ஏத்துமதி செய்யிறோம்னா 'போர்ட்'ல, ஏத்துமதின்னா 'எக்ஸ்'ல. ரெகர்ட், பெர்மிட், ப்ரெசன்ட் எல்லாம் இதே சாதி. அப்புறம் ரெண்டு சொல்லு ஒட்டி ஒண்ணாகுறது, க்ரீன்ஹவுஸ், எங்க பக்கம் மரக்கறி போடுறவங்க பொலித்தீன் கூடாரம் போட்டு வச்சிருக்கிறது, அதுக்கு 'க்ரீன்'ல அழுத்தணும், 'ஹவுஸ்'ல அழுத்தினா யாரோ வீட்டுக்கு பச்ச பெயின்ட் அடிச்சிருக்கான்னு அர்த்தம்.

புடிக்காதது இன்னும் கொஞ்சம். மிஸ்ஸுக்கு பிரிட்டிஷ் மட்டும்தான் சரி. அட்வர்டைஸ்மண்ட்ட அவங்க 'வர்'ல அழுத்துவாங்க, அமெரிக்காக்காரன் மொத துண்டுலயும் 'டைஸ்'லயும் அழுத்துவான், லெபொரட்டரியும் அந்த மாதிரி ரெண்டு விதம். போன்ல அமெரிக்கன் வீடியோ பாத்து பழகின ஒரு தங்கச்சிய ஒவ்வொரு தடவையும் பிழன்னு ஒக்கார வச்சாங்க, அது பிழை இல்ல, அவ ஆறாவது கிழமையிலயிருந்து வாயே தொறக்கல. என் ஹோட்டலுக்கு ரெண்டு பக்கத்து ஆளும் வர்றாங்க, ரெண்டு பேருக்கும் ரெண்டும் விளங்குது.

கடைசி ரெண்டு கிழமை தேவையே இல்ல, பழைய தாளத்தான் திரும்ப திரும்ப செஞ்சோம், ஆறு கிழமையில முடிச்சி காச கொறச்சிருக்கலாம். ஆளுக்கு ஆள் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க திருத்தி தர்றோம்னு மொத நாள் சொன்னாங்க, நான் பதினொண்ணு அனுப்பினேன், பதில் வந்தது நாலுக்கு. அப்புறம் அந்த தகர கூரை. ஹட்டன் மழைய பத்தி நான் சொல்ல தேவையில்ல, மூணு மணிக்கு கொட்ட ஆரம்பிச்சா மிஸ் கத்தணும், கத்தி சொன்னா எல்லா துண்டுலயும் அழுத்தம் விழுது, அந்த சோம்பேறி சத்தத்த எங்க போயி கேக்குறது.

வெள்ளக்காரன் மாதிரி கதைக்கணும்னு ஆசப்பட்டு போறவங்களுக்கு இது சரிவராது, எனக்கு அந்த ஆசையும் இல்ல, நான் இன்னும் நானாத்தான் கதைக்கிறேன், என்ன சொல்றேன்னு அவங்களுக்கு ஒரே தடவையில விளங்குது, எனக்கு அது போதும். வசனமே கோக்க தெரியாதவங்க மொத வேற கிளாஸுக்கு போங்க. ஓரளவு இங்கிலிஷ் இருக்கு, நீள சொல்லு வந்தா மட்டும் முழுங்குறேன்ங்கிறவங்க, ஹோட்டல், பேங்க், நேர்முகப் பரீட்சைக்கு போறவங்க, டீச்சிங்குக்கு போற புள்ளைங்க, இவங்களுக்கு காசு வீண் போகாது. அஞ்சுக்கு மூணர குடுப்பேன், அந்த அரை குற்றியலுகரத்துக்கு.

போறதுக்கு ஏலாதவங்க போன்ல ஏதாவது நல்ல டிக்ஷனரி எடுத்து சொல்லுக்கு பக்கத்துல உள்ள உச்சரிப்ப பாருங்க, மேல ஒரு சின்ன கோடு நிக்கும், அந்த கோட்டுக்கு அடுத்து வர்ற துண்டுதான் அழுத்தம். முன்னால உள்ள துண்டு இல்ல. நான் ரொம்ப நாளா கோட்டுக்கு முன்னால உள்ளதுன்னு நெனச்சி எல்லாத்தையும் ஒரு பெட்டி தள்ளியே சொல்லிக்கிட்டு இருந்தேன். கீழ ஒரு கோடு இருந்தா அது ரெண்டாம்பட்ச அழுத்தம், ஆரம்பத்துல அத கண்டுக்காதீங்க.

சேர போறவங்க புத்தகத்துக்கு 700 கட்டாம பழைய பேட்ச் ஆள்கிட்ட திருத்தின கொப்பியா வாங்கி போட்டோகொப்பி அடிச்சிக்கோங்க. ரப்பர் பேண்ட் வீட்லயிருந்து தடிப்பானதா கொண்டு போங்க, அவங்க குடுக்கிறது அறுந்துடும். ஜன்னல் பக்கம் ரெண்டாவது பெஞ்சுல ஒக்காருங்க, அங்க மட்டும் கூரைக்கு கீழ பலகை அடிச்சிருக்கு, மழை பெஞ்சாலும் மிஸ் சொல்றது கேக்கும்.